நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு ஹார்மோன் சுரப்பில் என்ன வேலை?

கேள்வி இது: என்ஜிஎஃப் எனப்படும் நரம்பு வளர்ச்சிக் காரணி நரம்பு செல்களை வாழவைக்கும், கிளைவிட வைக்கும் புரதம் என்றுதான் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அது ஹார்மோன் சுரப்பையும் தூண்டுகிறது என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் எப்படி?

உண்மைதான். ஆனால் ‘தூண்டுகிறது’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகளைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். ஒன்று நிமிடக் கணக்கில் நடப்பது: செல்லுக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஹார்மோன் வெளியே வருவதற்கு என்ஜிஎஃப் வழிவிடுகிறது. மற்றது நாள்கணக்கில் நடப்பது: சுரக்கும் செல்லின் தன்மையையே, அதாவது அதில் எந்த ஏற்பி (சமிக்ஞையைப் பிடிக்கும் புரதம்) எத்தனை இருக்க வேண்டும், எந்த நொதி உருவாக வேண்டும் என்பதையே அது மாற்றுகிறது. இந்தத் துறையில் எந்த முடிவைப் படித்தாலும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். என்ஜிஎஃப் கொடுத்து 15 நிமிடத்தில் வந்த பலனும் 5 நாள் கழித்து வந்த பலனும் ஒரே வழியில் வந்திருக்காது.

மூலக்கூறைப் பற்றிச் சுருக்கமாக. 1950களில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரீட்டா லெவி-மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் இதைப் பிரித்தெடுத்தார்கள்; 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. முதிர்ந்த என்ஜிஎஃப் என்பது தலா 13,000 டால்டன் அளவுள்ள இரண்டு சங்கிலிகள் ஒட்டிய இரட்டை. இதற்கு இரண்டு ஏற்பிகள்: இறுக்கமாகப் பிடித்து உள்ளே சமிக்ஞை அனுப்பும் டிஆர்கே-ஏ, தளர்வாகப் பிடிக்கும் பி75. வெட்டுப்படாத முன்வடிவமான புரோ-என்ஜிஎஃப் பெரும்பாலும் பி75 வழியாக வேலை செய்யும். அதன் விளைவு பல இடங்களில் நேரெதிர், செல்லைச் சாகடிக்கும் அளவுக்கு. இந்த வேறுபாடு கடைசியில் அளவீட்டைப் பேசும்போது மீண்டும் வரும்.

இது வெறும் நரம்புச் சமாச்சாரம் இல்லை என்பதற்கான தடயங்கள் ஆரம்பத்திலிருந்தே கண்ணெதிரே கிடந்தன. கோஹன் என்ஜிஎஃப் எடுத்தது சுண்டெலியின் தாடையடி உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து. அந்தச் சுரப்பியில் பெண் சுண்டெலியைவிட ஆணுக்குப் பல மடங்கு அதிக என்ஜிஎஃப் உண்டு. ஆண் ஹார்மோன்தான் அதை நிர்ணயிக்கிறது. 1979இல் கினிப்பன்றியின் புராஸ்டேட் சுரப்பியில் என்ஜிஎஃப் கொட்டிக் கிடப்பது தெரிந்தது. 1982இல் காளையின் விந்துநீரிலிருந்தும் பிரித்தார்கள். நரம்பை வளர்க்கும் புரதத்துக்கு விந்தில் என்ன வேலை என்ற கேள்வி அதற்குப் பிறகு ஏறத்தாழ 30 வருடம் பதிலில்லாமல் இருந்தது.

பதில் ஒட்டகக் குடும்பத்திலிருந்து வந்தது. ஹார்மோன் சுரப்பில் என்ஜிஎஃப்பின் பங்குக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது என்பது என் கருத்து.

மாடு, ஆடு, மனிதர் போன்ற இனங்களில் முட்டை முதிர்ந்தால் ஈஸ்ட்ரஜன் ஏறி, மூளையிலிருந்து ஜிஎன்ஆர்ஹெச் என்ற தூண்டும் ஹார்மோன் பாய்ந்து, மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி, முட்டையை வெளியேற்றும் எல்ஹெச் ஹார்மோனைக் கொட்டி, முட்டை தானாக வெளியேறும். ஒட்டகம், லாமா, அல்பாக்கா அப்படியல்ல. இணைசேர்ந்தால்தான் எல்ஹெச் பாயும். இல்லையென்றால் முட்டையைச் சுமக்கும் பையான முதிர்ந்த ஃபாலிக்கிள் அப்படியே சுருங்கி, அடுத்தது வளரும். இணைசேரும்போது கருப்பை வாயில் ஏற்படும் உராய்வு நரம்பு வழியாக மூளைக்குப் போய் எல்ஹெச்சைத் தூண்டுகிறது என்றே வெகுகாலம் நம்பினார்கள். முயலிலும் பூனையிலும் அந்த விளக்கம் பொருந்தியதால் இங்கும் யாரும் சந்தேகப்படவில்லை.

1985இல் சீன ஆய்வாளர்கள் இரட்டைத் திமில் ஒட்டகத்தில், உராய்வே இல்லாமல் விந்தை மட்டும் உள்ளே வைத்தாலும் முட்டை வெளியேறுவதைக் காட்டினார்கள். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2005இல் கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெக் ஆடம்ஸ், மார்செலோ ராட்டோ குழுவினர் செய்த சோதனை எளிமையானது, ஆனால் தப்பிக்க இடம் தராதது. அல்பாக்காவின் விந்துநீரைத் தசையில் ஊசியாகப் போட்டார்கள். 14 பெண் அல்பாக்காக்களில் 13க்கு முட்டை வெளியேறியது; உப்புநீர் போட்டவற்றில் ஒன்றுக்கும் இல்லை. தசையில் போட்ட ஊசிக்கும் கருப்பை வாய் உராய்வுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆகவே விந்துநீரில் உள்ள ஏதோ ஒன்று ரத்தம் வழியாகப் போய் வேலை செய்கிறது.

லாமாவில் நேரக்கணக்கும் பார்த்தார்கள். ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் எல்ஹெச் ஏறியது, ஏறத்தாழ 30 மணி நேரத்தில் முட்டை வெளியே. ஒப்பீட்டுக்கு ஜிஎன்ஆர்ஹெச் போட்ட லாமாக்களுக்கும் முட்டை வெளியேறியது. ஆனால் முட்டை வெளியேறிய ஃபாலிக்கிளிலிருந்து அதன்பின் உருவாகும் மஞ்சள் உடலம் விந்துநீர் போட்டவற்றில் இன்னும் பெரிதாக இருந்தது, அது சுரந்த, கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எல்ஹெச்சைத் திறந்துவிடுவது மட்டுமே வேலையாக இருந்தால் இந்த வித்தியாசம் வரக்கூடாது.

அந்தக் காரணியைப் பிரித்தெடுக்கும் வேலை இன்னும் சில வருடம் பிடித்தது. முடிவு 2012இல் வந்தது. லாமா விந்துநீரிலிருந்து சுத்தம் செய்த புரதத்தின் நிறை 13,221 டால்டன்; படிக அமைப்பை எக்ஸ்-கதிரால் தீர்த்தபோது அது பீட்டா என்ஜிஎஃப். இரண்டு பக்கமும் சரிபார்த்தார்கள். லாமாவின் புரதத்தை, என்ஜிஎஃப்பைச் சோதிக்கப் பயன்படும் பிசி12 என்ற எலிச் செல்களுக்குக் கொடுத்தால் நரம்பு இழைகள் கிளம்பின. சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பி என்ஜிஎஃப்பை லாமாவுக்குப் போட்டால் முட்டை வெளியேறியது. அடையாளம் பற்றிய வாதம் அத்தோடு முடிந்தது.

அப்படியானால் உராய்வுக்கு ஒன்றும் இல்லையா? உண்டு, வேறு விதத்தில். 2005 சோதனையிலேயே, அதே விந்துநீரைக் கருப்பைக்குள் மெதுவாக ஊற்றியபோது ஒன்றும் நடக்கவில்லை. கருப்பை உட்சுவரைச் சற்றுச் சுரண்டிவிட்டு ஊற்றியபோது பலன் கூடியது. ஆண் லாமாவின் குறி கருப்பைக் கொம்புவரை போகும். இணைசேர்தல் 20 நிமிடத்துக்கு மேலும் நீளும். உட்சுவர் சிராய்த்து ரத்தம் கட்டும். 26,000 டால்டன் புரதம் முழுச் சவ்வைக் கடந்து ரத்தத்தில் சேர அந்தச் சிராய்ப்புதான் வாசல்.

சரி, ரத்தத்துக்கு வந்த என்ஜிஎஃப் எங்கே போய்ப் பிடிக்கிறது? இங்கே சான்றுகள் இரண்டு பக்கம் இழுக்கின்றன. லாமா, மாடு இரண்டின் பிட்யூட்டரி செல்களையும் தனியே தட்டில் வளர்த்து இந்தப் புரதத்தை ஊற்றினால் எல்ஹெச் வெளியாகிறது. அப்படியானால் பிட்யூட்டரியில் நேரடி வேலை. ஆனால் உயிருள்ள லாமாவுக்கு ஜிஎன்ஆர்ஹெச் ஏற்பியை அடைக்கும் செட்ரோரெலிக்ஸ் மருந்தை முன்கூட்டியே போட்டுவிட்டால் எல்ஹெச் பாய்ச்சலும் இல்லை, முட்டையும் இல்லை; அப்படியானால் ஜிஎன்ஆர்ஹெச்சை விடும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸ் வழிதான் முதன்மை. என் கணிப்பில் இரண்டாவது சான்றுக்கே எடை அதிகம். தட்டில் போட்ட செல்லுக்கு நாம் கொடுக்கும் செறிவு எப்போதும் தாராளமாகவே இருக்கும். என்ஜிஎஃப் ரத்த-மூளைத் தடையைச் சுலபத்தில் தாண்டாது என்ற ஆட்சேபம் வரும். ஜிஎன்ஆர்ஹெச் நரம்புகளின் முனைகள் முடிவது ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில், அந்தத் தடை இல்லாத இடத்தில். எனவே ஆட்சேபம் அவ்வளவு வலுவானதல்ல. சூலகம் நீக்கிய லாமாவில் பலன் குறைந்து, ஈஸ்ட்ரஜன் கொடுத்தால் ஓரளவு மீள்கிறது. அதாவது மேல்மட்டம் முதலில் பக்குவப்பட்டிருக்க வேண்டும். என்ஜிஎஃப் கடைசித் தட்டு மட்டும் தட்டுகிறது.

பண்ணையில் இதனால் என்ன பயன்? லாமா, அல்பாக்காவில் ஃபாலிக்கிள் 7 மில்லிமீட்டரைத் தொடாமல் எந்த ஊசி போட்டாலும் வீண். ஒற்றைத் திமில் ஒட்டகத்தில் 9 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும், 20ஐத் தாண்டிவிட்டால் பலன் மறுபடி குறையும். ஸ்கேன் பார்க்காமல் போடும் ஊசி தோற்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது, ஒருமுறை எல்ஹெச் பாய்ந்த லாமாவை அதே நாளில் மறுபடி இணைசேர்த்தால் இரண்டாம் பாய்ச்சல் வராது, பிட்யூட்டரியின் கையிருப்பு காலி. மூன்றாவது, செயற்கைச் சினையூட்டல். விந்தை நீர்த்து, கழுவி, உறையவைக்கும்போது என்ஜிஎஃப்பும் போய்விடுகிறது. சினை ஊசிக் குழாயால் சிராய்ப்பும் வராது. அதனால் முட்டையை வெளியேற்றத் தனியாக மருந்து போட்டே ஆக வேண்டும். வழக்கத்தில் ஒட்டகத்துக்கு 20 மைக்ரோகிராம், லாமாவுக்கு 8 மைக்ரோகிராம் பியூசெரெலின் (ஜிஎன்ஆர்ஹெச் போல வேலை செய்யும் மருந்து) போட்டு, ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்து விந்தைச் செலுத்துவார்கள். பலித்ததா என்று பார்க்க 7ஆம் நாள் வாக்கில் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன்: மில்லிக்கு 1 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியிருக்கிறது. இது சினைக்கான சான்று அல்ல. கரு தங்காவிட்டால் 10, 11ஆம் நாளில் அந்த அளவு விழுந்துவிடும்.

இதை அப்படியே மாட்டுக்கு நீட்டிவிடக் கூடாது. பசுவின் முட்டை தானாகவே வெளியேறும். காளையின் விந்துநீரில் என்ஜிஎஃப் இருந்தும் அது எல்ஹெச் பாய்ச்சலைத் தொடங்கிவைப்பதில்லை. பசுவில் பார்க்கப்பட்டது மஞ்சள் உடலத்தின் புரோஜெஸ்டிரோன் சுரப்புக்குக் கிடைக்கும் ஊக்கம்தான். முயல் இன்னொரு எச்சரிக்கை: இணைசேர்ந்தால் முட்டை விடும் இனம்தான், ஆனால் அங்கே நரம்பு வழியே முக்கியம், லாமாவின் புரதம் முயலில் அதே வேலையைச் செய்யவில்லை.

அடுத்தது கணையம். நிமிடக் கணக்கு வேலைக்கு இரண்டாவது நல்ல உதாரணம். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் டிஆர்கே-ஏ ஏற்பி இருப்பது 1990களிலேயே தெரியும். மெக்சிகோ ஆய்வாளர்கள் 1998இல் பீட்டா செல்களே என்ஜிஎஃப் சுரப்பதைக் காட்டினார்கள். என்ஜிஎஃப் கொடுத்தால் கால்சியம் மின்னோட்டம் கூடி இன்சுலின் அதிகமாக வெளிவருவதையும் பார்த்தார்கள். ஆனால் ‘வளரும்போது தேவை’ என்பதையும் ‘சாப்பிட்டவுடன் தேவை’ என்பதையும் பிரித்துக் காட்டியது 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெஜி குருவிளா குழுவினர் செய்த வேலை.

அவர்கள் கண்ட வரிசை இது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது, கணையத் தீவுகளின் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள சுருங்கும் செல்கள் என்ஜிஎஃப்பை விடுகின்றன. அது அருகில் உள்ள பீட்டா செல்லின் டிஆர்கே-ஏயில் ஒட்டுகிறது. ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. உள்ளே போன பிறகுதான் முக்கியமான சமிக்ஞை: ராக்1 என்ற புரதம் விழித்து, செல் சவ்வுக்கு அடியில் இருக்கும் ஆக்டின் வலை கலைகிறது. இன்சுலின் துகள்கள் சவ்வை எட்டவிடாமல் மறித்து நிற்கும் வேலி அந்த வலைதான். அது விலகியதும் துகள்கள் முன்னேறி இன்சுலினைக் கொட்டுகின்றன. வளர்ந்த சுண்டெலியில், ஒரு மருந்தால் மட்டும் அணைக்கக்கூடியபடி மாற்றிய டிஆர்கே-ஏயை வைத்து இதைச் சோதித்தார்கள். மருந்து கொடுத்ததுமே இன்சுலின் சுரப்பு குன்றியது. பீட்டா செல் குறைந்ததாலோ வளர்ச்சிக் கோளாறாலோ வந்த விளைவு இல்லை என்பது இதனால் உறுதி.

இங்கே என்ஜிஎஃப் தனியாக இன்சுலினைக் கொட்டவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சர்க்கரை இல்லாமல் இந்தக் கதை தொடங்காது. மனிதரில் ஓர் இணையான சான்று உண்டு. டிஆர்கே-ஏ மரபணு பழுதான குழந்தைகளுக்கு வலியும் தெரியாது, வியர்வையும் வராது; அவர்களுக்குக் குளுக்கோஸை ரத்தக்குழாயில் ஏற்றினால் முதல் சில நிமிடங்களில் வர வேண்டிய இன்சுலின் பாய்ச்சல் குறைவாக இருக்கிறது. தயார்நிலையில் நிற்கும் துகள்கள் வெளியேறும் கட்டம் அதுதான்.

இப்போது நாள்கணக்கு வேலைக்கு வருவோம். பிட்யூட்டரியில், பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டினைச் சுரக்கும் செல்கள் என்ஜிஎஃப்பையும் கூடவே சுரக்கின்றன. டோபமைன் இரண்டையும் சேர்த்தே அடக்குகிறது. இத்தாலியின் பிரெஷா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா மிஸ்ஸாலே குழுவினர் இதை 1990களில் விரிவாகப் படித்தார்கள். புரோலாக்டின் கட்டிக்குப் புரோமோகிரிப்டின் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும், ஏனென்றால் அது டோபமைனின் டி2 ஏற்பியைப் பிடிக்கிறது. சில கட்டிகள் அடங்காது. அப்படி அடங்காத கட்டிச் செல்களில் டி2 ஏற்பியும் இல்லை, என்ஜிஎஃப் சுரப்பும் இல்லை. அந்தச் செல்களுக்கு வெளியிலிருந்து என்ஜிஎஃப் கொடுத்தபோது டி2 ஏற்பி திரும்ப வந்தது, மருந்துக்கும் பணிந்தன. இங்கே என்ஜிஎஃப் எந்த ஹார்மோனையும் கொட்டவைக்கவில்லை. செல்லை மறுபடி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாக ஆக்கியது. இது சோதனைக்கூட முடிவு. மருத்துவமனையில் யாருக்கும் இப்படி என்ஜிஎஃப் கொடுப்பதில்லை.

அட்ரீனல் மையப்பகுதியில் இந்த மாற்றம் இன்னும் தீவிரம். அட்ரினலின் சுரக்கும் குரோமாஃபின் செல்லும் பரிவு நரம்பு செல்லும் ஒரே மூதாதைச் செல்லிலிருந்து வருபவை. சுற்றியுள்ள அட்ரீனல் புறணியின் ஸ்டீராய்டு அதைச் சுரப்பிச் செல்லாக வைத்திருக்கிறது. என்ஜிஎஃப் நரம்பாக மாற்ற இழுக்கிறது. 1979இல் அலோவேயும் லெவி-மொன்டால்சினியும் கருவிலிருந்தே எலிக்கு என்ஜிஎஃப் செலுத்தியபோது அட்ரீனல் மையத்தில் குரோமாஃபின் செல்களுக்குப் பதில் நரம்பு செல்கள் நின்றன.

இதைத் தட்டில் பார்க்கத்தான் 1976இல் உருவான, எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து வந்த பிசி12 செல்கள். கல்லூரி ஆய்வகத்தில் செய்பவர்களுக்கு: தட்டில் கொலாஜன் பூசுங்கள், சீரத்தை 1 சதவீதத்துக்கு இறக்குங்கள், என்ஜிஎஃப் மில்லிக்கு 50 முதல் 100 நானோகிராம், 2-3 நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்றுங்கள், ஒரு வாரத்தில் செல் உடலைவிட நீளமான இழைகள் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்று. செல்கள் கொத்தாக ஒட்டியிருக்கும். மெல்லிய ஊசிவழி ஏற்றி இறக்கிப் பிரித்துவிட்டு நெருக்கம் குறைவாகப் போடுங்கள். என்ஜிஎஃப் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிப்போயிருக்கும், 0.1 சதவீத ஆல்புமின் கலந்து கரைத்து, சிறு பங்குகளாக உறையவைத்து, மறுமுறை உறையவைக்காதீர்கள். பலமுறை வளர்த்துப் பழகிப்போன செல்களும் பதில் தராது. இன்னொன்று, இந்தச் செல்கள் சுரப்பது பெரும்பாலும் டோபமைனும் நார்-அட்ரினலினும்தான்; அட்ரினலினைத் தேடி ஏமாறாதீர்கள்.

மன அழுத்த அச்சும் உண்டு. எலிக்கு என்ஜிஎஃப் போட்டால் அதன் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோன் ஏறும் என்பது 1979இலேயே வெளியானது. 1994இல், முதன்முறை பாராசூட்டில் குதித்த இளம் வீரர்களின் ரத்தத்தில் என்ஜிஎஃப் கூடியிருப்பதைக் கண்டார்கள். சூலகத்திலும், நீர்க்கட்டிச் சூலகம் உள்ள பெண்களின் ஃபாலிக்கிள் நீரில் என்ஜிஎஃப் அதிகம் எனத் தெரியவந்துள்ளது. இது காரணமா, விளைவா என்பதை அந்த அளவீடு மட்டும் சொல்லாது. எலியில், எஸ்ட்ராடையால் வேலரேட் ஊசியால் வரவழைத்த சூலகக் கட்டியின்போது என்ஜிஎஃப்பையும் அதன் ஏற்பியையும் தடுத்தால் சுழற்சி மீள்கிறது, அவ்வளவே.

‘அப்படியானால் என்ஜிஎஃப்பையே மருந்தாகக் கொடுக்கலாமே?’ என்று கேட்பார்கள். தடை வலி. ஆரோக்கியமான மனிதருக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வரை கொடுத்துப் பார்த்த 1994ஆம் ஆண்டுச் சோதனையிலேயே உடல் முழுக்கத் தசைவலியும், ஊசி போட்ட இடத்தில் வாரக்கணக்கில் நீடித்த கூச்சமும் வந்தன. நீரிழிவு நரம்புப் பாதிப்புக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 48 வாரம் நடத்திய பெரிய சோதனை தோற்றது. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செனெகெர்மின் கண்சொட்டு மருந்து மட்டும் நிற்கிறது. நாளுக்கு 6 முறை, 8 வாரம், அதுவும் கருவிழியின் நரம்புக்கு, ஹார்மோனுக்கு அல்ல. என்ஜிஎஃப்பைக் கூட்டும் என்று விற்கும் காளான் மாத்திரைகளை இந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள்; தட்டில் நடந்ததை வைத்துக்கொண்டு விற்கிறார்கள்.

கடைசியாக, ரத்தத்தில் என்ஜிஎஃப் அளப்பவர்களுக்கு. மனிதரில் அளவு மிகக் குறைவு, மில்லிக்கு பிகோகிராம் கணக்கில். பல எலிசா கிட்கள் முதிர்ந்த என்ஜிஎஃப்பையும் புரோ-என்ஜிஎஃப்பையும் பிரித்துப் பார்ப்பதில்லை. எதிரெதிர் வேலை செய்யும் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும். கிட் வாங்குமுன் குறுக்கு வினை (புரோ-என்ஜிஎஃப்பையும் சேர்த்துப் பிடிப்பது) சதவீதத்தைக் கேளுங்கள். சீரமா பிளாஸ்மாவா என்று ஒன்றை முடிவு செய்து எல்லாருக்கும் அதையே எடுங்கள். தெரிந்த அளவு என்ஜிஎஃப்பை மாதிரியில் கலந்து எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். குறைவாகக் கிடைத்தால் ரத்தப் புரதங்கள் மறைக்கின்றன என்று பொருள். மன அழுத்தத்தால் அளவு மாறும் என்பதால் ஊசி குத்திய உடனே எடுத்த மாதிரியை அடிப்படை அளவாக வைக்காதீர்கள். குழாய் பொருத்தி, ஆளைப் படுக்கவைத்து, அரைமணி நேரம் கழித்து எடுங்கள். கூடவே அதே குழாயிலிருந்து நீங்கள் தேடும் ஹார்மோனையும் குறைந்தது நான்கைந்து நேரப் புள்ளிகளில் அளந்தால்தான் எது முன்னே ஏறியது, எது பின்னே ஏறியது என்று பேச முடியும்.